மீன் பெட்டியும் ரப்பர் கையுறையும்

பலகையில் தண்டவாளம் பதித்துக் குட்டி பொம்மை ரயில் ஓட்டுகிற எங்கள் கிளப்பில் ஒரு ரப்பர் கையுறை இருக்கிறது. பாத்திரம் கழுவும்போது மாட்டிக்கொள்வோமே, அந்த இளஞ்சிவப்புக் கையுறை. வலது கை மட்டும். கண்காட்சி நடக்கும்போது யாராவது தன் ரயிலை விரலால் தொட்டுத் தள்ளிவிட்டால், செயலாளர் நைஜல் பிக்கர்ஸ்கில் அந்தக் கையுறையைக் கொண்டுவந்து அவருடைய பலகையின் முன்பக்கம் குத்திவிடுவான். சாயங்காலம் கதவு அடைக்கும்வரை அது அங்கேயே தொங்கும். பார்க்க வந்தவர்கள் எல்லாம் ரயிலை விட்டுவிட்டு அதைத்தான் படம் பிடிப்பார்கள்.

இந்தக் கூத்தை ஆரம்பித்து வைத்தது என் புருஷன் லெஸ்லி ஹார்கிரீவ்ஸ்தான். கையுறையும் என் சமையலறைத் தொட்டியிலிருந்து என்னைக் கேட்காமல் எடுத்துப்போனது. "நிஜ ரயில் தடம் புரண்டா மேகத்துக்குள்ளேருந்து ஒரு கை வந்து தூக்கி வைக்குதா? அப்புறம் உன் ரயிலுக்கு மட்டும் ஏன் வருது?" என்று ஒரு கூட்டத்தில் எழுந்து கேட்டான். அதற்கு ஆகாசக் கை என்று பெயரும் வைத்தான். தொடாமல் ஓட்ட முடியாதவன் ஓட்டவே கூடாது என்பது அவன் கட்சி. எங்கள் ஊர் கால்டர்ஷாவில் எல்லார் பலகையிலும் அந்தக் கையுறை ஒரு தடவையாவது தொங்கியிருக்கிறது. லெஸ்லியின் பலகையில் மட்டும் தொங்கியதே இல்லை.

அந்த மனுஷனுக்குத்தான் வலது கை நடுங்க ஆரம்பித்தது.

முதலில் தேநீர்க் கோப்பை தட்டில் கிணுகிணுத்தது. பிறகு சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, பார்க்கின்சன் நோய் என்று சொல்லிவிட்டார். மாத்திரை கொடுத்தார். லைசன்ஸ் ஆபீஸிலிருந்து பதில் வரும்வரை ஸ்டீயரிங்கைத் தொடவேண்டாம் என்றும் சொன்னார். லெஸ்லி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, "கிளப்ல யாருக்கும் தெரியக்கூடாது" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது.

கிளப்பில் அவன் யார் என்று தெரிந்தால்தான் இது புரியும். யார் எஞ்சின் நின்றுபோனாலும் டிபன் டப்பாவில் வைத்து லெஸ்லியிடம்தான் கொண்டுவருவார்கள். கடுகளவு திருகாணியைக் கழற்றி மாட்டுகிற கை அவனுடையது. அந்தக் கை போய்விட்டது என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும். ஒருவரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லமாட்டார்கள். தேநீர் கொண்டுவந்து கொடுப்பார்கள். நாற்காலி இழுத்துப் போடுவார்கள். அவனிடம் டிபன் டப்பா மட்டும் வராது. அதை நினைத்துத்தான் அவன் செத்துக்கொண்டிருந்தான்.

அதனால் நான் பொய் சொல்ல ஆரம்பித்தேன். லெஸ்லிக்கு நேரமில்லை, லெஸ்லிக்குச் சளி, லெஸ்லிக்குக் கண்ணாடி மாற்றவேண்டும். டப்பாக்கள் வீட்டுக்கு வந்தன. லெஸ்லி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் திறந்து, துடைத்து, மாட்டிக் கொடுத்தேன். கல்யாணக் கேக்குகளுக்குச் சர்க்கரைப் பூ போட்டே வாழ்நாளைக் கழித்தவள் நான். என் கை இன்னும் ஆடுவதில்லை. "லெஸ்லி கைன்னா கைதான்ப்பா" என்று அவர்கள் மெச்சும்போது நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். உள்ளுக்குள் வயிறு எரியும். அதை மறைப்பானேன்?

இந்தப் புதுப் பலகையும் அப்படித்தான் உருவானது. எங்கள் இஸ்திரிப் பலகை அளவுதான் இருக்கும். ஒரு ஸ்டேஷனின் பின்பக்கம், பார்சல் ஏற்றி இறக்குகிற மேடை, மூன்று தண்டவாளம், ஒரு சின்ன டீசல் எஞ்சின், ஐந்து பார்சல் பெட்டிகள். பயணிகள் ரயில் கிடையாது, சுற்றிச் சுற்றி ஓடுவதும் கிடையாது. விளையாட்டு இதுதான்: ஐந்து பெட்டிக்கும் ஒரு சீட்டு உண்டு. பார்க்க வந்தவர் கட்டைக் கலைத்து மூன்று சீட்டு எடுப்பார். எடுத்த வரிசைப்படி அந்த மூன்று பெட்டியையும் பிரித்து, சேர்த்து, மேடைக்கு முன்னால் ரயிலாகக் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். தண்டவாளம் எல்லாம் குட்டையாக இருப்பதால் முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி மூளை சூடாகிவிடும்.

ஒவ்வொரு தண்டவாளத்தின் வாயிலும் ஜல்லிக்கு அடியில் ஒரு காந்தம் புதைத்திருந்தோம். பெட்டிகளின் கொக்கி காந்தத்துக்கு மேலே வந்து நின்றால் தானாகத் திறந்துகொள்ளும். கொக்கியைக் கழற்றக் கை வேண்டாம். எஞ்சினின் வேகத்தை ஒரு குமிழால் கூட்டிக் குறைக்கவேண்டும். அந்தக் குமிழின்மேல் ஜாம் பாட்டில் மூடியை ஒட்டிவைத்தேன். உள்ளங்கையை அதன்மேல் அழுத்திக்கொண்டால் லெஸ்லியின் இடது கை போதும். வலது கை கால்சட்டைப் பையில் இருக்கலாம். பலகை நெஞ்சு உயரம், நாங்கள் அதற்குப் பின்னால் நிற்போம். யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவன் ஏன் காந்தம் காந்தம் என்று உயிரை விட்டான் என்று இப்போது புரிகிறதா?

பெட்டிகளில் எழுத்து போட்டது நான். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, ஒரு முடி உள்ள தூரிகையால். பெட்டிகளில் எனக்குப் பிடித்தது மீன் பெட்டி. மற்ற நாலும் நீளமானவை, இது குட்டை. மீன் ஏற்றப் பிறந்து, மீன் வியாபாரம் லாரிக்குப் போனபின் பார்சல் ஏற்ற வந்த சாதி. நிஜ மீன் பெட்டிக்கு நீல வண்ணம் அடித்தாலும் வெயில் காலத்தில் வாடை போகாதாம். பார்சல் வாங்குகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்களாம்.

கண்காட்சிக்கு முந்தின வாரம் எங்களுக்குள் பெரிய சண்டை. கண்காட்சி முடிந்ததும் எல்லார் பலகையையும் வாடகை வேனில் ஏற்றி மலைச்சாலை வழியாகக் கிடங்குக்குக் கொண்டுபோவது வழக்கம். வேன் ஓட்டுவது எப்போதும் லெஸ்லி. பக்கத்தில் நைஜல்.

"சனிக்கிழமை சாயங்காலம் நைஜல் சாவிய நீட்டுவான். என்ன பண்ணப் போற?" என்று கேட்டேன்.

"ஏதாவது சொல்லிக்கிறேன்."

"ஏதாவது இல்ல. உள்ளத சொல்லு. நீ சொல்லலேன்னா நான் சொல்றேன்."

"நீ சொன்னா நான் அந்த வாசப்படி மிதிக்கமாட்டேன் டோரீன். சத்தியமா."

"மிதிக்காட்டி போ. வீட்ல உக்காந்து செவுத்தப் பாரு. எனக்கு அலுத்துப்போச்சு லெஸ். பொத்தான் போடறது அலுக்கல. பொய் சொல்றது அலுத்துப்போச்சு."

பையில் அவன் கை துணியோடு உரசுகிற சத்தம் கேட்டது.

"ஒரு ஏற்பாடு பண்ணிக்கலாம்" என்றான் கடைசியில். "சனிக்கிழமை பூரா ஆகாசக் கை வராம ஓட்டிட்டேன்னு வெச்சுக்கோ. சாயங்காலம் உனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னு சொல்லி என்னக் கூட்டிட்டு வந்துரு. வேன யாராவது ஓட்டிக்கட்டும். அடுத்த வசந்தம் வரைக்கும் நீ மூச்சு விடக்கூடாது."

"கை வந்துட்டா?"

"வந்துட்டா, அங்கயே, அப்பவே, என் வாயால சொல்லிடறேன்."

சொன்னால் செய்வான். விதி என்று வந்துவிட்டால் லெஸ்லி அதைத் தாண்டமாட்டான்; பிறவிக் குணம். நானும் சரி என்றேன். அவன் தோற்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேனா என்றால், ஆமாம், ஆசைப்பட்டேன்.

அதற்கப்புறம்தான் நைஜல் வந்து தொலைத்தான். செவ்வாய்க்கிழமை பலகையைப் பார்க்கிறேன் பேர்வழி என்று வீட்டுக்கு வந்து, என் இஞ்சிக் கேக்கைத் தின்றுகொண்டே குனிந்து பெட்டிகளின் அடியைப் பார்த்தான்.

"ஏம்ப்பா லெஸ், எழுத்து என்னமோ கண்ணுல ஒத்திக்கற மாதிரி இருக்கு. ஆனா சக்கரம் பிளாஸ்டிக்கா? பட்டுச் சட்டை போட்டுக்கிட்டு ரப்பர் செருப்பு மாட்டின மாதிரி இருக்கேப்பா."

"வெளில யாருக்கும் தெரியாது" என்றான் லெஸ்லி.

"எனக்குத் தெரியுதே."

அவன் போனதும் லெஸ்லி உலோகச் சக்கரத்துக்குச் சொல்லி அனுப்பினான். வியாழக்கிழமை தபாலில் வந்தது. அன்றைக்கே நான் உட்கார்ந்து பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். எஞ்சினைக் கோத்து இழுத்துப் பார்த்தோம். அடேயப்பா, வெண்ணெயில் வழுக்குகிற மாதிரி வந்தன. லெஸ்லியின் முகத்தில் சிரிப்பு வந்தது. ஓடுகிறதா என்று பார்த்தோம். நிற்கிறதா என்று பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை. கால்டர்ஷாப் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடம். வெளியே மழை, உள்ளே ஈரக் கோட்டு வாடையும் பன்றிக்கறி பேக்கன் வறுக்கிற வாடையும். காரை ஓட்டி வந்தது நான்தான். பலகையைக் கால்கள்மேல் ஏற்றி, கம்பி மாட்டி, பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தண்டவாளத்தில் வைத்தேன். லெஸ்லி தேநீர் வாங்கப் போயிருந்தான். மாத்திரை போட்டுக்கொள்ளக் கழிவறைக்கும் போவான்.

பெட்டிகளை வரிசையாக வைத்துவிட்டுத் திரும்பி, அவற்றைக் கொண்டுவந்த அட்டைப்பெட்டியை மூடினேன். மறுபடி பார்த்தால் மீன் பெட்டி நான் வைத்த இடத்தில் இல்லை.

கண் கோளாறு என்று நினைத்துத் திரும்ப அதன் இடத்தில் வைத்தேன். கையை எடுத்தேன். கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, யாரும் தொடாமல், எஞ்சின் இல்லாமல், மெல்ல நகர்ந்து போய்க் காந்தத்துக்கு மேல் நின்றுகொண்டது. மற்றப் பெட்டிகளைப் பார்த்தேன். அவற்றிலும் ஒன்று நகர்ந்திருந்தது.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பழைய சக்கரத்தின் அச்சு பிளாஸ்டிக். புதிய சக்கரத்தின் அச்சு எஃகு. காந்தம் கொக்கியை மட்டுமா இழுக்கும்? பெட்டியையே இழுக்கிறது. ஓட்டும்போது நடுவில் ஒரு பெட்டி தானாக நகர்ந்து கொக்கியைத் திறந்துகொண்டால், பாதை நடுவில் அது அனாதையாக நிற்கும். கை விட்டுத்தான் எடுக்கவேண்டும்.

எனக்கு வேண்டியதும் அதுதானே! நான் பேசாமல் இருந்தால் போதும். மத்தியானத்துக்குள் கையுறை தொங்கும். லெஸ்லி தன் வாயால் சொல்வான். எனக்கு விடுதலை. பொய்கள் எல்லாம் அன்றோடு தீரும். ஒரு கணம் அப்படியே நின்றேன். பிறகு தேநீர் வரிசையில் அவன் முதுகு தெரிந்தது. இடது கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையைப் பைக்குள் அழுத்திக்கொண்டு, யாரோ சொன்ன நகைச்சுவைக்குச் சிரித்துக்கொண்டிருந்தான். "நாசமாப் போற சக்கரம்" என்று திட்டிக்கொண்டு நான் பள்ளிக்கூடத்துச் சமையலறைக்கு ஓடினேன்.

தொட்டியில் மஞ்சள் ஸ்பாஞ்சு ஒன்று கிடந்தது. நகம் வெட்டும் கத்தரியால் அதைப் பயறளவு துண்டுகளாக நறுக்கினேன். பெட்டியைக் கவிழ்த்து, இடுக்கியால் ஒரு துண்டை அச்சுக்கும் பெட்டியின் அடிப்பலகைக்கும் நடுவில் செருகினேன். அது லேசாக உரசும். பெட்டி தானாக நகராது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு பெட்டி முடிந்தது. மீன் பெட்டியைக் கவிழ்த்தேன். அதன் அடியில் பிரேக் கம்பிகளை அவ்வளவு நெருக்கமாக வைத்திருந்தேன், நானேதான், அழகாக இருக்கட்டும் என்று. இடுக்கி நுழையவில்லை. சக்கரத்தைக் கழற்றினால்தான் முடியும். அதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள். ஜனம் உள்ளே வந்துவிட்டது. லெஸ்லியும் வந்துவிட்டான்.

"என்ன முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"குளிரு" என்றேன்.

அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் பதறுவான், பதறினால் கை இன்னும் ஆடும். மீன் பெட்டியை மூன்றாம் தண்டவாளத்தின் கோடியில், முட்டுக்கட்டையை ஒட்டி, காந்தத்திலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் வைத்தேன். சீட்டுக்கட்டில் மீன் படம் போட்ட சீட்டை உருவி என் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன். அதைக் கேட்கிறவர் இல்லையென்றால் அது அசையவேண்டிய அவசியமும் இல்லை.

காலை முழுக்க அப்படி ஓட்டினோம். லெஸ்லி குமிழைப் பிடித்தான், நான் பாதை மாற்றும் கம்பிகளை இழுத்தேன். "பெட்டி கொஞ்சம் கனமா வருதே?" என்று ஒரு தடவை முணுமுணுத்தான். "புதுச் சக்கரம், பழகணும்ல" என்றேன். பார்க்க வந்தவர்கள் சீட்டு எடுத்தார்கள், கைதட்டினார்கள், பார்சல் மேடையில் நான் பழுப்புக் காகிதத்தில் சுற்றிவைத்திருந்த எள்ளளவுப் பொட்டலங்களைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். லெஸ்லி நிமிர்ந்து நின்றான். ரொம்ப நாளைக்கப்புறம் அவன் அப்படி நிற்பதைப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தின் மேலேயே கோபமும் வந்தது.

மூன்றாம் தண்டவாளத்தில் வேறு பெட்டியை விடும்போதெல்லாம் என் பிராணன் போய்ப் போய் வந்தது. மீன் பெட்டி அசையவில்லை.

மத்தியானம் நைஜல் வந்தான். கூடவே ஒரு கும்பலும் வந்தது. பேக்கன் பன்னின் சாஸ் அவன் மீசையில் இருந்தது.

"சக்கரம் மாத்திட்டியா! இப்பதான் ராசா மாதிரி இருக்கு. எங்க, குடு கட்ட" என்று சீட்டுகளை வாங்கி விசிறி மாதிரி விரித்தான். விரித்தவன் நெற்றியைச் சுருக்கினான்.

"பெட்டி அஞ்சு நிக்குது. சீட்டு நாலுதான இருக்கு?"

"அப்படியா?" என்றான் லெஸ்லி.

"மீன் பெட்டி சீட்ட காணோமே. காலைலேருந்து அந்தப் பெட்டி அசையவே இல்லயாமே, பக்கத்து மேஜைல சொன்னாங்க. என்ன லெஸ், கஷ்டமான பெட்டிய ஒளிச்சு வெச்சு ஓட்டறியா?"

சிரிப்பாகத்தான் சொன்னான். ஆனால் லெஸ்லியின் காது சிவந்துவிட்டது. அவனைத் திருடன் என்று சொல்லியிருந்தால்கூட அப்படிச் சிவந்திருக்காது. குனிந்து தரையில் தேட ஆரம்பித்தான். வலது கை பையை விட்டு வெளியே வர இருந்தது. நான் முந்திக்கொண்டு குனிந்து, நிமிர்ந்து, சீட்டை நீட்டினேன்.

"கால் கீழ கெடந்துது" என்றேன்.

நைஜல் கட்டைக் கலைத்து மூன்று எடுத்தான். சிவப்புப் பெட்டி, மீன் பெட்டி, பத்திரிகைப் பெட்டி. மீன் பெட்டி நடுவில் வரவேண்டும்.

"ஆரம்பி" என்றான்.

கும்பல் நெருங்கியது. லெஸ்லி இடது உள்ளங்கையை ஜாம் மூடியில் வைத்தான். எஞ்சின் மூன்றாம் தண்டவாளத்துக்குள் போய் மீன் பெட்டியைக் கோத்துக்கொண்டது. நல்லபடியாக இழுத்து வந்தது. எஞ்சினோடு கோத்திருக்கும்வரை பயமில்லை. முதல் தண்டவாளத்தில் அதை விட்டுவிட்டுச் சிவப்புப் பெட்டியை எடுக்கப் போகவேண்டும். அப்போதுதான் அது தனியாக நிற்கும்.

"நல்லா உள்ள தள்ளி விடு" என்று அவன் காதோரம் சொன்னேன்.

"ஏன்?"

"சொல்றதக் கேளேன்."

தள்ளி விட்டான். எஞ்சின் விலகியது. மீன் பெட்டி நின்றது. நான் எஞ்சினைப் பார்க்கவில்லை, மீன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நின்றது. எஞ்சின் சிவப்புப் பெட்டியோடு திரும்பி வெளியே போனது. நான் கம்பியை இழுத்துப் பாதையை மாற்றினேன். இன்னும் இரண்டு நகர்வு போதும்.

அப்போது முதுகுப்பைக்காரர் ஒருவர் வந்தார். எல்லாக் கண்காட்சியிலும் இந்த ஆள் உண்டு. ஒரு வாரச் சமையல் சாமான் அளவுக்கு முதுகில் கட்டிக்கொண்டு வருவார், நெரிசலில் அப்படியே திரும்புவார். இவரும் திரும்பினார். மூட்டை எங்கள் பலகையின் ஓரத்தில் மோதியது.

"மன்னிச்சுக்குங்க" என்றார்.

மீன் பெட்டி அசைந்தது. நகர்ந்தது. காந்தத்தை நோக்கிப் போனது. ஆனால் மோதலின் வேகத்தில் அங்கே நிற்காமல் தாண்டிப் போய், இரண்டு பாதை பிரிகிற இடத்தில் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. ஒரு சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிட்டது. எஞ்சின் சிவப்புப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு அதை நோக்கி வந்துகொண்டிருந்தது.

லெஸ்லி குமிழைத் திருப்பி நிறுத்திவிட்டான். எல்லாம் நின்றது. கூடத்தில் மற்ற ரயில்களின் சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு வழியும் இல்லை. கை விடவேண்டும். எல்லாருக்கும் தெரிந்தது. லெஸ்லி அந்தப் பெட்டியைப் பார்த்தான். அவன் வலது தோள் அசைந்தது. பழக்கம் அப்படி, எத்தனையோ வருஷப் பழக்கம். நுணுக்க வேலை என்றால் அவனுக்கு வலது கைதான் வரும். பையிலிருந்து அது வெளியே வந்தது. பலகையின் விளிம்புவரை வந்தது. பின்பக்கத்திலிருந்து நான் மட்டும் பார்த்தேன், அந்த விரல்கள் ஆடுகிற ஆட்டத்தை. அது மட்டும் உள்ளே போனால் மேடையும் பொட்டலங்களும் பொம்மை ஆட்களும் தூள் தூளாகும். கும்பல் முழுக்கப் பார்க்கும்.

நான் வேண்டிக்கொண்டது இதைத்தான். ஆனால் இந்த மாதிரி இல்லை. நான் யோசிக்கவே இல்லை. என் கை உள்ளே போயிற்று. இரண்டு விரலால் மீன் பெட்டியைத் தூக்கித் தண்டவாளத்தில் வைத்தேன்.

"ஆகாசக் கை!" என்று யாரோ கத்தினார்கள். கும்பல் முழுக்க ஒரே கூச்சல். நைஜல் சின்னப்பிள்ளை மாதிரி குதித்துக்கொண்டு ஓடிப்போய்க் கையுறையையும் குத்தூசி டப்பாவையும் கொண்டுவந்தான்.

"டோரீன்! உனக்கா இந்த கதி! அம்மாடி, வெளில பாத்தா பூன மாதிரி இருக்க, நீதானா?"

"என் தப்புதான்" என்றேன். "கை சும்மா இருக்கல."

"கேட்டுக்குங்க எல்லாரும்! கையுறை டோரீனுக்கு. லெஸ்லி மானம் தப்பிச்சுது. அவன் இன்னும் தொடல, தொட்டதே இல்ல!"

எல்லாரும் கைதட்டினார்கள். நான் லெஸ்லியைப் பார்க்கவில்லை. சரி, போகட்டும். சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகவேண்டும், அவ்வளவுதானே. வசந்தம் வரைக்கும் பொய் சொல்லவேண்டும். என் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டேன்.

"அவளுக்கு இல்ல" என்றான் லெஸ்லி.

"என்னப்பா?"

"கை கைதான், நைஜல். இந்தப் பலகைக்குள்ள கை வந்துருச்சு. குடு அத."

"அட, நான்தான் சொல்றேன்ல, உன் கை இல்லயே..."

"என் கைக்குப் பதிலா வந்த கை. குடு."

அவன் பலகையைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தான். கும்பல் வழிவிட்டது. நைஜலின் கையிலிருந்து கையுறையை வாங்கினான், வலது கையால். அந்த இளஞ்சிவப்பு விரல்கள் உயிர் வந்த மாதிரி படபடவென்று ஆடின. ஒருவர் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. பிறகு அவரும் நிறுத்திவிட்டார்.

லெஸ்லி கையுறையைப் பலகையின்மேல் வைத்து இடது கையால் பிடித்துக்கொண்டான். வலது கையால் குத்தூசி ஒன்றை எடுத்தான். குத்தப் பார்த்தான். ஊசி மரத்தில் டக் டக் டக் என்று இடம் மாறி மாறித் தட்டியது. மறுபடி முயன்றான். ஊசி கீழே விழுந்தது.

நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். அவன் என்னைப் பார்த்தான். நின்றுவிட்டேன்.

நைஜல் குனிந்து ஊசியைத் தேடி எடுத்தான். மீசையில் இன்னும் சாஸ் இருந்தது. அந்த வாயாடி இப்போது ஊசியைத் தானே குத்திவிடுவான், "குடு நான் பண்றேன்" என்று சொல்லிவிடுவான் என்று பயந்தேன். அவன் சொல்லவில்லை. ஊசியை லெஸ்லியின் வலது கைக்குள் வைத்தான். வைத்துவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தான். கும்பலும் காத்திருந்தது.

ரொம்ப நேரம் ஆயிற்று. கடைசியில் ஊசி இறங்கியது.

"பார்க்கின்சன்" என்றான் லெஸ்லி, கையுறையைப் பார்த்துக்கொண்டே. "சாயங்காலம் வேன நீ ஓட்டு, நைஜல். போன வருஷத்துலேருந்து உங்க எஞ்சினெல்லாம் தொறந்து மாட்டினது டோரீன். எழுத்தும் அவ போட்டதுதான்."

நைஜல் என்னைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், சக்கரங்களைப் பார்த்தான்.

"என் எஞ்சின் ஒண்ணு கார்ல இருக்கு" என்றான் பிறகு. "பின்னால போகும்போது உறுமுது. என்னன்னு பாக்கறியா?"

"யாரக் கேக்கற?" என்றேன் நான்.

"ரெண்டு பேரையுந்தான்."

"டப்பாவக் கொண்டா" என்றான் லெஸ்லி.

திரும்ப என் பக்கத்தில் வந்து நின்றான். வலது கையைப் பைக்குள் போடவில்லை. பலகையின் விளிம்பில் வைத்துக்கொண்டான். பார்சல் மேடையில் என் எள்ளளவுப் பொட்டலங்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. முதுகுப்பைக்காரர் போக வழி தெரியாமல் அங்கேயே நின்றிருந்தார்.

"சீட்டு எடுங்க சார்" என்றான் லெஸ்லி அவரிடம். "அஞ்சும் இருக்கு."